மண்ணை நம்பி ஒரு வாழ்க்கை

பால்மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு முதலில் ஒரு கேள்வி. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரைக்கு வந்து, மரத்தின் முன் நின்றதும் உங்கள் கை எதைத் தேடும்? உளியை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மங்கினை எடுத்து, நேற்று அதில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைப் பிய்த்து, உள்ளே ஒரு துடைப்புத் துடைத்து வைத்த பிறகுதானே உளி பட்டையைத் தொடும்? ஒரு நாள் வெட்டு 400 மரம், வருடத்துக்கு 250 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வருடம் உழைத்த ஒரு தாயின் கை 30 இலட்சம் முறை மங்கினைத் தொட்டிருக்கிறது!

அந்த மங்கினைச் செய்த கை யாருடையது என்று என்றாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

இப்போது பிளாஸ்டிக் மங்கு வந்துவிட்டது. நம் பெற்றோர் காலத்து மங்கு அப்படிப்பட்டதல்ல. கனமானது, வெளியே சொரசொரப்பு, உள்ளே வழவழப்பு. அது மண்ணால் வனைந்து, மெருகு பூசி, கடும் சூட்டில் சுட்ட பாண்டம். சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்திலும் ஜொகூரிலும் சீனக் குயவர்கள் அவற்றை ஆயிரம் ஆயிரமாகச் செய்து நம் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மேட்டுச் சரிவில் பாம்பு படுத்தாற்போல் நீளமாகக் கட்டிய சூளைகளில் அவை வெந்தன. ‘டிராகன் சூளை’ என்று அவற்றுக்குப் பெயர். கீழ்வாயில் விறகு போட்டால் அனல் மேலேறிக் கடைசி வரை போகும். 1940-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘தௌ குவாங்’ சூளை அப்படிப்பட்டது. ரப்பர் மங்குகளும் ஆர்க்கிட் பூந்தொட்டிகளும் சுட்ட அந்தச் சூளை இன்றும் சிங்கப்பூரில் நிற்கிறது.

மங்கின் அடியில் செய்தவர் பெயர் இருக்காது. பால் எடுத்தவர் பெயரும் செக்ரோல் புத்தகத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை. பெயர் தெரியாத இரண்டு உழைப்பாளிகள் ஒரு மங்கின் மூலம் தினமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் குயவரைப் பற்றியது. மண்ணைப் பிசைந்து வனைவதும், அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதும், செய்ததை நாலு பேர் பார்க்கக் காட்சிக்கு வைப்பதும் ஒரு மனிதருக்கு எப்படிப் பிழைப்பாகிறது? நம் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒத்து வருமா? பார்ப்போம், வாருங்கள்.

செமோரிலிருந்து ஆற்றங்கரை வரை

செமோர் வாசகர்களுக்கு இதற்காகத் தூர தேசம் போக வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குன்றுகளையும் பழைய ஈய லம்பக் குட்டைகளையும் தாண்டி, சுங்கை சிப்புட் வழியாக வடக்கே போனால் கோலகங்சார். அந்த ஊரில் நமக்குச் சொந்தமான இரண்டு அதிசயங்கள் இருக்கின்றன.

முதலாவது ஒரு மரம். 1877-ஆம் ஆண்டு ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரி கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றில் மிஞ்சியது என்று சொல்லப்படும் ஒரு முதிய மரம் அங்கே வேலி கட்டிப் பாதுகாக்கப்பட்டு இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற வைத்த கதைக்கு அந்த மரம் ஒரு சாட்சி.

இரண்டாவது, பேராக் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாயோங் கிராமம். ‘லாபு சாயோங்’ என்னும் கறுப்புத் தண்ணீர்க் கூஜாவைப் பார்த்திருப்பீர்கள். லாபு என்றால் மலாய் மொழியில் சுரைக்காய், பூசணிக்காய் வகை. சுரைக்குடுக்கையைப் போலவே வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, மேலே மூடியோடு இருக்கும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மலாய்ப் பெண்கள். சமையலும் பிள்ளைகளும் ஒரு பக்கம், களிமண் ஒரு பக்கம். சக்கரமே இல்லாமல், கையால் அழுத்தித் தட்டி உருவாக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்து மினுமினுப்பாக்கி, சிறு மரஅச்சால் பூவும் கோடும் பதித்துச் சுட்டார்கள்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? சாயம் அல்ல. நெருப்பிலிருந்து எடுத்த சூடு ஆறுமுன்னே பாண்டத்தை நெல் உமிக்குள் புதைத்துவிடுகிறார்கள். உமி காற்றில்லாமல் புகைந்து, கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் ஏறிக்கொள்கிறது. அவ்வளவுதான்! தமிழ்நாட்டில் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளிலும் கறுப்பு வந்தது இதே புகையால்தான். கடல் கடந்த இரண்டு நாட்டுக் குயவர்கள் ஒரே இரகசியத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

லாபுவில் ஊற்றிய தண்ணீர் ஐஸ் பெட்டி இல்லாமலே குளிர்ந்திருக்கும். மண்ணின் துளை வழியே கசியும் நீர், ஆவியாகப் போகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர் மண்பானைத் தண்ணீரின் சங்கதியும் அதுவே.

இன்று சாயோங்கில் பலர் மாவுக்கல் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி விரைவாகச் செய்கிறார்கள். கையால் செய்வோர் தொகை குறைந்துவிட்டது. ஆனாலும் தொழில் அழியவில்லை. ஏன் அழியவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முன் இந்த வேலையின் பாடு என்ன என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு வாரம் குயவராக இருந்து பாருங்கள்

திங்கட்கிழமை மண் வேலை. வெட்டி வந்த களிமண்ணில் கல், வேர், இலை எல்லாம் இருக்கும். பொறுக்கி, தண்ணீரில் கரைத்து, சலித்து, தெளியவிட்டு, வேண்டிய அளவு மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். சமையல் பானைக்கு மணல் கொஞ்சம் கூடுதல். அப்போதுதான் அடுப்புச் சூட்டைத் தாங்கும். சப்பாத்தி மாவு பிசைந்த தாய்மார்களுக்கு இந்தப் பிசைதல் புரியும். ஆனால் மாவு ஒரு கிலோ. மண் ஐம்பது கிலோ! உள்ளே ஒரு காற்றுக் குமிழி கூட இருக்கக் கூடாது. இருந்தால் வனையும்போது சுவர் அந்த இடத்தில் மெலிந்து கோணிவிடும்.

செவ்வாய்க்கிழமை சக்கரத்தில் உட்காருகிறீர்கள். மண் உருண்டையைச் சுழலும் சக்கரத்தின் நட்டநடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம். பார்க்க எளிது. நீங்கள் கை வைத்தால் மண் உங்களை ஆட்டும். மண்ணை நீங்கள் ஆட்ட முடியாது. இந்த ஒன்றைக் கற்கவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. நடுவில் நின்றுவிட்டால் கட்டைவிரலால் குழித்து, இரண்டு கை விரல்களுக்கு இடையே சுவரை மெல்ல மெல்ல மேலே இழுக்க வேண்டும். கனம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் அளவுகோல்.

இந்த இடத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். ஏனென்றால் இது அவர்களுக்குத் தெரிந்த வித்தை. பட்டையை மட்டும் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் உளியை ஓட்டுகிறீர்களே, அந்த நூலளவுக் கணக்கை யார் அளந்து கொடுத்தார்கள்? அரையிருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், விரலே கண்ணாக வேலை செய்கிறீர்கள். குயவரின் கையும் அந்த ஜாதிதான்.

புதன்கிழமை தட்டு வேலை. நம் ஊர்ப் பானையைச் சக்கரத்தில் வனையும்போது அடிப்பக்கம் திறந்தே இருக்கும். அறுத்தெடுத்து, பாதி உலர்ந்ததும், உள்ளே ஒரு வழுக்குக் கல்லைப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் மெலியும், வயிறு உருளும். ஓங்கி ஓர் அடி அதிகம் விழுந்தால் மூன்று நாள் வேலை போயிற்று.

வியாழன், வெள்ளி உலர்த்தல் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாரக் கணக்கு இங்கே உடைந்துவிடும். ஈரக்காற்று வீசினால் பத்து நாளும் ஆகலாம். நேர் வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் மட்டும் உலர்ந்து வெடிக்கும். நிழலில், திருப்பித் திருப்பி வைத்துக் காக்க வேண்டும். உலரும் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பத்து அங்குலப் பானை வேண்டுமென்றால் பதினோரு அங்குலத்துக்கு வனைய வேண்டும். மழை வந்தால் பால் வெட்டு இல்லை என்று நீங்கள் வானத்தைப் பார்ப்பதுபோல் குயவரும் பார்க்கிறார். இதில் ஒரு வேதனை என்னவென்றால், பேராக்கில் மழை கொட்டுவது அக்டோபர், நவம்பரில். தீபாவளி அகல் விளக்கும், கார்த்திகை விளக்கும், அடுத்து பொங்கல் பானையும் கேட்டு ஆட்கள் வருவதும் அதே சமயத்தில்தான்!

சூளை நாள் வந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. முதல் சில மணி நேரம் நெருப்பு கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகும். அவசரப்பட்டு விறகைத் தள்ளினால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் பானையைச் சுக்குநூறாக்கிவிடும். 573 டிகிரி செல்சியஸில் இன்னொரு கண்டம். மணலிலுள்ள படிகங்கள் அந்தச் சூட்டில் சட்டென்று உருமாறிப் பெருக்கும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் படியை நிதானமாகக் கடக்க வேண்டும். வெப்பமானி இல்லாத நம் முன்னோர் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். சுடுமண் பானைக்கு 700 முதல் 900 டிகிரி வரை போதும். மங்கு, ஊறுகாய் ஜாடி போன்ற மெருகிட்ட கெட்டிப் பாண்டத்துக்கு 1,200 டிகிரிக்கும் மேல் வேண்டும். அந்தச் சூட்டில்தான் மேலே பூசிய சாம்பலும் கல்தூளும் உருகிக் கண்ணாடியாகப் படிகின்றன.

கடைசியில் காத்திருத்தல். சூளை ஆறும் வரை திறக்கக் கூடாது. திறந்து பார்க்கும் ஆசையை அடக்க முடியாமல் பானையைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். நூறு உள்ளே போனால் நூறும் வெளியே வராது. இந்தத் தொழிலில் நஷ்டத்தைச் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

அடுப்புக்கு மூன்று கல்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பானையை அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் வாளியும் ஒரு தலைமுறைக்குள் தள்ளிவிட்டன. பானையை மட்டும் விற்று வாழ நினைத்த குடும்பங்கள் பல இடங்களில் தொழிலை விட்டுவிட்டன. நிலைத்து நின்றவர்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரு கல்லில் அடுப்பு நிற்காது. மூன்று கல் வேண்டும். குயவரின் மூன்று கல் இவை: செய்தல், கற்பித்தல், காட்சிக்கு வைத்தல்.

சிங்கப்பூர் இஸ்கந்தர் ஜலிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் பிறந்த மலாய்க்காரர். முதலில் ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியர். 1972-இல் உதவிச் சம்பளத்தில் ஜப்பானின் தஜிமி நகருக்குப் போய் மண்பாண்டக் கலையைப் பயின்றார். திரும்பி வந்தவர் தொழிற்பயிற்சிப் பள்ளியிலும் பிற கல்வி நிலையங்களிலும் பல்லாண்டு காலம் கற்பித்தார். மாணவர் செய்தது சரியில்லையென்றால் உடைத்துவிடும் அளவுக்குக் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். கற்பித்தல் அவருக்கு மாதச் சோறு போட்டது. அந்தத் தெம்பில், யாருக்கும் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அஞ்சாமல், தம் மனத்துக்குப் பிடித்த பாண்டங்களைச் செய்தார். காட்சிக்கு வைத்தார். 1988-இல் சிங்கப்பூர் அரசு அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்தது. 2015-இல் ஜப்பானிய அரசே ‘உதயசூரியன்’ விருது கொடுத்தது. எந்த நாட்டுக்குக் கற்றுக்கொள்ளப் போனாரோ, அந்த நாடே அவரைக் குருவாக மதித்தது.

தமிழ் மண்ணுக்கு வாருங்கள். 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் தட்டு, கிண்ணம், கோப்பை என்று வீட்டுக்கு வேண்டியவற்றை உள்ளூர்த் தமிழர்களோடு சேர்ந்து செய்து விற்றார்கள். மறு பக்கம் இந்தியா முழுவதிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். அங்கே கற்றவர்கள் தாங்களே கூடம் வைத்தார்கள். அவர்களிடம் வேறு மாணவர்கள் வந்தார்கள். இன்று புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஒரு குயவர் கூட்டமே வாழ்கிறது. ஒரு கூடத்தில் வைத்த விதை அது.

அதே புதுச்சேரியில், சில மைல் தள்ளி, வில்லியனூர். பரம்பரைக் குயவர்கள் வாழும் ஊர். அங்கே சுடுமண் பொம்மைகளும் சிற்பங்களும் செய்து வந்த வி.கே. முனுசாமி என்பவர் தம் கைத்தொழிலைப் பலருக்கும் சொல்லிக்கொடுத்து, கண்காட்சிகளுக்குக் கொண்டு போனார். 2020-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. பட்டப்படிப்புக் காகிதத்தைப் பார்த்து யாரும் அந்த விருதைக் கொடுக்கவில்லை. அவர் கையைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

சாயோங் கிராமம் பிழைத்ததும் இதே வழியில்தான். நாட்டின் கைத்தொழில் மேம்பாட்டுக் கழகம் 1979-இல் அமைந்தது. பயிற்சி, கண்காட்சி, சந்தை என்று அது கை கொடுத்தது. கோலகங்சாருக்குப் பக்கத்தில் எங்கோரில் அதன் கைத்தொழில் நிலையம் இருக்கிறது. கோலாலம்பூரில் ஆண்டுதோறும் தேசியக் கைத்தொழில் விழா நடக்கிறது. சந்தையில் ஒரு வெறும் கூஜாவாக விலை பேசப்படும் லாபு, கண்காட்சி மேசையில் வைத்ததும் வேறாகிவிடுகிறது. செய்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பார்ப்பவர் குனிந்து பார்ப்பார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார். விலையைக் குறைத்துக் கேட்க அவருக்கே வெட்கமாக இருக்கும்!

காட்சிக்கு வைப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. அதில்தான் உழைத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது.

“மண் பிசையவா படிக்க வைத்தோம்?”

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்பவர்கள் உண்டு. அதில் தவறு காண முடியாது. லயத்து வீட்டில் மழை ஒழுக ஒழுகப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள், அது கிராணி ஆகவேண்டும், டாக்டர் ஆகவேண்டும் என்று விரும்புவது நியாயம். ஆனால் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பானை செய்வது ‘அந்தச் சாதிக்காரர் வேலை’ என்ற எண்ணம். கப்பலில் ஏறும்போது கடலில் எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டிய மூட்டை அது.

யோசித்துப் பாருங்கள். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான திருநீலகண்டர் தில்லையில் வாழ்ந்த குயவர். புறநானூற்றில் ஒரு புலவர், ஒரு சோழ மன்னன் இறந்தபோது, அவனுக்குத் தாழி செய்யப் போகும் குயவரைப் பார்த்துத்தான் தம் துயரத்தைக் கொட்டினார். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் சாதாரண மக்கள் தங்கள் பெயரைத் தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். இன்னும் கேளுங்கள்: நம் தீபகற்பத்தின் வட பகுதியிலேயே, தாய்லாந்தின் மேற்குக் கரையில் பூ காவ் தோங் என்ற இடத்தில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஒரு பானை ஓடு கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். ரப்பருக்கும் ஈயத்துக்கும் முன்னால், 1,800 வருடத்துக்கு முன்பே, தமிழ் எழுத்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சுமந்து வந்தது பொன்னல்ல, பட்டல்ல, ஒரு மண்பாண்டம்!

நம் நாட்டிலும் தமிழ்க் குயவர்கள் இல்லாமல் போகவில்லை. கோலசிலாங்கூர்ப் பக்கம் தலைமுறையாகப் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்யும் குடும்பங்கள் உண்டு. தைப் பிறப்புக்கு நாம் வாங்கும் பானை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்கினால் அவர்களுக்கு அது எவ்வளவு தெம்பு!

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனையாகி, சில இடங்களில் வீடமைப்புப் பகுதியுமாகிவிட்ட காலம் இது. நாலு தலைமுறையாக நுணுக்கமாகப் பழகிய கைகள் தொழிற்சாலைக் கதவருகே போய் நிற்கின்றன. அந்தக் கைகளுக்குள் என்ன திறமை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நாமாவது நம் பிள்ளைகளின் கையைப் பார்க்க வேண்டாமா?

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

உங்கள் பிள்ளை சேற்றில் பொம்மை செய்கிறதா? அடிக்காதீர்கள். முதலில் பாருங்கள். உடைந்ததும் அழுது ஓடிவிடுகிறதா, மறுபடி செய்ய உட்காருகிறதா? மறுபடி உட்காரும் பிள்ளைக்குத்தான் இந்தத் தொழில்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொல்லவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் பானையை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. பகுதி நேர வேலையோ, வார இறுதி வகுப்போ கூட இருக்க வேண்டும். சக்கரமும் சூளையும் வாங்க முதல் வேண்டும். இரண்டு மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து வாங்குவது நல்லது. முதுகுவலி நிச்சயம். அதைவிடக் கவனிக்க வேண்டியது தூசி. காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருடக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது; ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காத ஆசிரியரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

முறையாகக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு ரவாங்கில் தேசியக் கைத்தொழில் கல்லூரி இருக்கிறது. துணி, மரம், உலோகம் ஆகியவற்றோடு மண்பாண்டப் படிப்பும் அங்கே உண்டு. எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகள் விசாரித்துப் பார்க்கலாம். நுழைவுத் தகுதி, கட்டணம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். நேரே கேட்டுத் தெளிவதே சரி. பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓவிய வகுப்பில் மாதம் ஒரு நாள் களிமண் கொடுங்கள். மண்ணுக்கா நம் பேராக்கில் பஞ்சம்? தாப்பா, பீடோர் பக்கம் பீங்கானுக்கு ஆகும் வெள்ளைக் களிமண்ணையே வெட்டி எடுக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளைச் சாயோங்குக்கு அழைத்துப் போங்கள். காலையில் கிளம்பினால் முதிய ரப்பர் மரத்தையும் காட்டிவிட்டு, ஆற்றைக் கடந்து, லாபு செய்வதைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் செமோருக்குத் திரும்பிவிடலாம். வாங்கினால்தான் ஆயிற்று என்பதில்லை. செய்கிறவரிடம் பிள்ளையை ஒரு கேள்வி கேட்க விடுங்கள். அது போதும்.

வாங்கும்போது கவனிக்க

தாய்மார்களுக்குக் கடைசியாக, உடனே உதவும் சில குறிப்புகள்.

புதுப் பானையை வாங்குமுன் ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’ என்று மணிபோல் ஒலித்தால் நன்றாக வெந்தது. ‘பொத்’ என்றால் எங்கோ விரிசல் அல்லது அரைவேக்காடு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிறகு சோறு வடித்த கஞ்சியை ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்க விடுங்கள். கஞ்சியின் பசை நுண்துளைகளை அடைத்துக் கசிவைக் குறைக்கும். சூடான பானையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது. சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துக்கொள்ளும். சாம்பலோ அரிசி கழுவிய நீரோ போதும்.

பளபளவென்று நிறம் பூசிய அலங்காரப் பாண்டங்களில் புளி, ஊறுகாய், மோர் வைக்காதீர்கள். சில மலிவான மெருகுகளில் ஈயம் கலந்திருக்கும். புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும். சாப்பாட்டுக்கு ஏற்றது என்று செய்தவரே உறுதி சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னுமொன்று. பானையைத் திருப்பி அடியைப் பாருங்கள். செய்தவர் பெயரோ முத்திரையோ இருந்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம், “இதைச் செய்தவர் யார்?” என்று கேளுங்கள். பத்து வீட்டிலிருந்து பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருமுன் கடைக்காரர் அந்தப் பெயரை எழுதி ஒட்டிவைத்துவிடுவார்.